தெற்கே சூலம், வடக்கே அன்னூர்

வியாழக்கிழமை மதியம் கோயமுத்தூரில் எனக்கு இன்டர்மீடியட் பௌதிகப் பரீட்சை. தவறினால் ஒரு வருடம் பாழ். முந்தின நாள் அக்காள் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். அதனால் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் அன்னூருக்குத் தெற்கே. கோயமுத்தூர் அதற்கும் தெற்கே. வியாழன் காலையில் அப்பா சவாரி வண்டியைப் பூட்டி, மாடுகளை வடக்கே திருப்பினார்.

"ஏனுங்கப்பா, காலேஜு அந்தப் பக்கமுங்க."

"இன்னைக்குத் தெக்க சூலங் கண்ணு. நேராக் கெளம்புனாப் போற காரியம் வெளங்காது. வடக்க போயித் திரும்பிக்கலாம்."

"நான் பஸ்ஸுல போயிக்கிறனுங்க."

"பஸ்ஸு மட்டும் எங்க போகுது? அதுவும் தெக்கதான போகுது!"

அன்னூரில் பெரியப்பா வீடு. அங்கே இறங்கி, உட்கார்ந்து, பிறகு கிளம்பினால் சூலம் கழியுமாம். இறங்கினோம். பெரியம்மா அப்போதுதான் பணியாரத்துக்கு அடுப்புப் பற்ற வைத்தார். அதைச் சாப்பிடாமல் எழுந்தால் அது தனிக் குற்றம். சாப்பிட்டோம்.

பிறகு அப்பா மாடுகளை முடுக்கினார். காங்கேயம் காளைகள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். "என்ன வேகம் பாத்தியா!" என்றார் அப்பா. வேகத்தில் குறையே இல்லை.

கோயமுத்தூர் ரோடு எங்கள் தோட்டத்து வாசலை ஒட்டித்தான் போகிறது. அம்மா வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்க, எதையாச்சும் மறந்துபோட்டீங்களா?"

அப்பா வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தெற்கே கிளம்பின கணக்காகிவிடும். காலையிலிருந்து மாடுகள் ஓடிய தூரம் எத்தனையோ மைல். இடப்பெயர்ச்சி பூஜ்யம். நான் படித்திருந்த முதல் பாடம் அது. புத்தகம் மடியில் இருந்தது. அதைத் திறந்து பார்க்கவும் வெறுப்பாக இருந்தது.

காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது பரீட்சை தொடங்கி முக்கால் மணி ஆகியிருந்தது. அரை மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அப்பா வாசலில் நின்ற வாத்தியாரிடம் வாதாடினார்.

"ஏனுங்க, அன்னூர்ப் பக்கமிருந்து வாரமுங்க. வழியில ஒரு எடத்துலகூட மாடு நடக்கலீங்க. ஓட்டமாவே வந்தமுங்க."

"அன்னூர்ப் பக்கமிருந்தா இவ்வளவு நேரம்?" என்றார் வாத்தியார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். வண்டியில் ஏறிய பிறகு என்னிடம் சொன்னார்:

"சூலத்துல வந்திருந்தா இன்னும் மோசமாப் போயிருக்குங் கண்ணு."

இதைவிட மோசமாக என்ன போகும் என்று கேட்டேன். மாட்டைத் தட்டினார்.

வியாழக்கிழமை வடக்கே சூலம் கிடையாது. அதனால் நேர் வழியில் வந்தோம். வெகு சீக்கிரம் வந்துவிட்டோம். காலையில் ஏறிய அதே இடத்தில் இறங்கினேன்.