வேளாங்கண்ணிக்கு ஒரு டயர்

"...செங்கம் தாண்டி ஏதோ ஒரு புளியமரத்தடியில நின்னுக்கிட்டு எனக்கு போன் பண்ணுவ. நான் இங்க இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு என்ன பண்றது? மாத்திரை போட்டுக்கிறதா?" என்றார் மாமா.

கேட்டது தன் மனைவியை, என் அக்காவை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது சைக்கிளை. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்கள் வீட்டு ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே விரித்த செய்தித்தாள்களின் மேல் அது நின்றுகொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர்கள் இன்னும் உடைகூட மாற்றவில்லை. அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

அந்தச் சைக்கிள் அங்கே நின்றதற்கு மாமாவே காரணம். போன வருடக் கடைசியில் அவருக்கு பைபாஸ் நடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அக்கா ஒரு பொருத்தனை செய்துகொண்டாள். அவர் தன் காலால் நடந்து வீடு திரும்பினால், செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு வருவதாக. எங்கள் பக்கத்தில் காவி கட்டிக்கொண்டு நடந்தே போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அக்காவின் முட்டி அதற்கு இடம் தராது. நடக்க வேண்டாம், சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டரே சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த காலமெல்லாம் சைக்கிளிலேயே போய் வந்தவள் அவள். அதனால் சைக்கிளில் வருகிறேன் என்று மாதாவிடம் சொல்லியிருக்கிறாள். அதோடு விட்டிருக்கலாம். தனியாக வருவேன், வழியில் எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்று தானாகவே இரண்டைச் சேர்த்துக்கொண்டாள். கடைக்காரன் கேட்காமலே விலையை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறதே என்றேன்.

"பேரம் பேசுற இடமாடா அது?" என்றாள்.

மாமா நடந்தே வீடு வந்தார். வந்த பிறகுதான் பொருத்தனை விஷயம் அவருக்குத் தெரிந்தது. தனக்காக ஒருத்தி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போவதா என்று அவருக்கு வருத்தம். அண்ணன் மகனைக் காரில் பின்னால் வரச் சொல்கிறேன் என்று பார்த்தார். "பின்னாடி கார் வந்தா அதுக்குப் பேரு பொருத்தனை இல்ல, ஊர்வலம்," என்று அக்கா மறுத்துவிட்டாள். ஆனால் அவர் சரி என்று சொல்லாமல் கிளம்பவும் அவளுக்கு மனம் வரவில்லை. அவர் பிழைத்ததற்காகப் போகிற பயணம். அவரை இங்கே கவலையில் உட்கார வைத்துவிட்டுப் போனால் அதில் என்ன இருக்கிறது என்பது அவள் கணக்கு.

சைக்கிளைத் தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது. நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்குகள் பேசுவதை உட்கார்ந்து கேட்கிறவன். மிச்சத்தை போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டவன்.

முதலில் கிடைத்தது ஃபிரேம். ஈஜிபுராவில் ஒரு மாடி அறையில் குடியிருந்த ஐடி இளைஞர், கரூர்க்காரர், வெளிநாடு போவதால் தன் டூரிங் சைக்கிளைப் பிரித்துப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். நான் போனபோது ஸ்டீல் ஃபிரேமும் முன் ஃபோர்க்கும் மட்டும் ஜன்னல் கம்பியில் தொங்கின. "எலும்பு மட்டும்தான் சார் பாக்கி. சதை நீங்க போட்டுக்கணும்," என்றார். ஸ்டீல் என்பதால்தான் வாங்கினேன். எந்த ஊரில் விரிசல் விட்டாலும் ஒரு வெல்டிங் கடை இருக்கும். வீட்டில் அக்கா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "கனமாத்தான் இருக்கு. இருக்கட்டும், நானும்தான் இருக்கேன்," என்றாள்.

சதை போட்டது டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் உள்ள கடையில். கடைக்காரர் வீட்டில் உருது, கல்லாவில் கன்னடம், எங்களிடம் தமிழ். நான் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுப் போவேன். அவர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு வேறொன்றை எடுத்து வைப்பார். பாரம் தாங்க வேண்டும் என்பதால் முப்பத்தாறு கம்பிகள் கொண்ட சக்கரங்கள். மேட்டில் முட்டியைக் காப்பாற்ற முன்பக்கம் மூன்று பல்சக்கரங்கள், அதில் கடைசி ஒன்று சாஸர் அளவுக்குச் சின்னது. கியர் மாற்ற நான் கேட்டது 'டக் டக்' என்று படிப்படியாக விழும் வகை. கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலே அது கணக்குத் தப்பும், சும்னே எதுக்கு, வீண் வம்பு என்று கன்னடம் கலந்து சொல்லி அவர் பழைய காலத்து நெம்புகோல் வகையைக் காட்டினார். அதில் படி கிடையாது. சங்கிலி சரியாக உட்காரும்வரை நாமே மெல்லத் தள்ள வேண்டும். அக்காவுக்கு அது பிடித்துப்போனது. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

ஹேண்டில்பாரில்தான் எங்களுக்குள் வழக்கு. ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்ததைப் போட வேண்டும், எதிர்காற்றில் குனிந்து போகலாம் என்று நான் வாதாடினேன். "நான் மாதாவைப் பார்க்கப் போறேன், ரோட்டைப் பார்க்கப் போகல," என்று அவள் நிமிர்ந்து உட்காரும் வகையையே எடுத்தாள். கடைக்காரர் அந்த வாக்கியத்தை அன்று வந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்காட்டினார்.

டயருக்கு வந்தபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டயர்னா மாப்பிள்ளை பாக்குற மாதிரி சார். எல்லாம் இருக்கிற ஒருத்தன் கெடைக்க மாட்டான். எது இல்லாட்டி பரவாயில்லன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கங்க." வேகமாக உருள்வது சீக்கிரம் தேயும். தேயாதது கட்டை மாதிரி அதிரும். மெத்தென்று இருப்பதைக் கல் கிழிக்கும். இந்த ஃபிரேமில் மட்கார்டோடு சேர்த்து முப்பத்தெட்டு மில்லி அகலம் வரை இடம் இருந்தது. வேகம் போனால் போகட்டும், பஞ்சர் மட்டும் கூடாது என்றேன். உள்ளுக்குள் கெட்டி ரப்பர்ப் பட்டை வைத்த டயர் ஒன்றை எடுத்துத் தந்தார். கையில் வளைத்தால் வளையவில்லை. எனக்குப் பரம திருப்தி.

மாமாவும் அதைத் தடவிப் பார்த்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து, ஒக்கலிபுரம் பக்கம் தண்டவாளத்தோரமே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். தன் கண்ணெதிரே சோதித்துப் பார்க்காத எதற்கும் சரி என்று சொல்லிப் பழகாதவர். பஞ்சர் ஆகாது என்று நான் உறுதியாகச் சொல்கிறேனா என்று கேட்டார். ஆகவே ஆகாது என்றேன். அந்த ஒரு தடவை மட்டும் சோதிக்காமலே சரி சொன்னார். அக்கா அன்று மத்தியானம் பிரியாணி செய்தாள்.

ஒத்திகைக்காக அவள் காலையில் ஹென்னூரைத் தாண்டி பாகலூர் ரோட்டில் போய் வருவாள். ஜூலையில் ஒருநாள் அங்கே பின் சக்கரம் காற்றிறங்கியது. வெடித்துப்போன லாரி டயர்களிலிருந்து தெறித்துக் கிடக்கும் மெல்லிய கம்பித் துணுக்கு, தலைமுடி அளவுதான் இருக்கும், அத்தனை கெட்டி ரப்பரையும் துளைத்து உள்ளே போயிருந்தது. அதுகூடப் பெரிதில்லை. அவளுக்கு ஒட்டுப்போடத் தெரியும், மாற்று டியூபும் பையில் இருந்தது. டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றத்தான் முடியவில்லை.

அக்காவுக்கு இரண்டு கைகளிலும் பெருவிரல் மூட்டுத் தேய்மானம். அந்த வீட்டில் ஊறுகாய் பாட்டில் திறப்பது எப்போதும் மாமாவின் இலாகா. ஒத்திகைக்கு முன்பு நான் அந்த டயரோடு சைக்கிளை ஓட்டிப் பார்த்தேன், கல்லில் ஏற்றிப் பார்த்தேன், ஆணி கிடக்கும் இடமாகப் பார்த்து உருட்டிப் பார்த்தேன். கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வீட்டில் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் ஒரு பழைய, தொளதொளத்த டயரை வைத்துத்தான். அன்று ரோட்டில் நெம்பும் பிளாஸ்டிக் பட்டைகள் இரண்டும் உடைந்தன. விரல் வீங்கியது. பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, தன் ஸ்குரூ டிரைவரோடு மல்லுக்கட்டி, கடைசியில் கழற்றிக் கொடுத்தார். "என்னம்மா இது, மிலிட்டரி வண்டியோட டயரா?" என்று கேட்டாராம். அவள் டியூபை மாற்றிக்கொண்டு மிதித்தே வீடு வந்தாள்.

வந்ததும் எனக்கு போன். "பஞ்சர் ஆகாத டயர் எனக்கு வேணாம்டா. நானே கழட்டுற டயர் வேணும்."

போனில் சொன்னதை மாமா நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். டயர் மாறினால் தான் சொன்ன 'சரி'யும் மாறும் என்றார். பஞ்சர் ஆகும் என்று தெரிந்த டயரில் மனைவியை அனுப்ப எந்த மனிதனுக்கு மனசு வரும் என்பது அவர் கட்சி. பஞ்சர் ஆகாத டயர் உலகத்தில் இல்லை, அது ஆன பிறகு என்ன என்பதே கேள்வி என்பது அவள் கட்சி. இரண்டுமே நியாயமாகத்தான் இருந்தன. தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முதல் டயர் என் தேர்வு.

மறுபடியும் டவுன்ஹால் சந்து. இந்தத் தடவை அக்கா கடைக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தன் சக்கரத்தை மடியில் போட்டுக்கொண்டு, கடைக்காரர் எடுத்துத் தருகிற ஒவ்வொரு டயரையும் மாட்டிக் கழற்றிப் பார்த்தாள். கருவி இல்லாமல், வெறும் கையால். காலை வேளையில் வந்த வாடிக்கையாளர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எவ்வளவு ஓடும், எவ்வளவு எடை என்று கேட்கிறவர்கள் உண்டு, கழற்றிப் பார்த்து வாங்குகிறவர் நீங்கள்தான் என்று கடைக்காரர் சொன்னார். பாராட்டாகச் சொன்னாரா சலிப்பாகச் சொன்னாரா தெரியவில்லை. கடைசியில் கைக்கு வந்தது முப்பத்தைந்து மில்லியில் ஒரு மெல்லிய டயர். துணி மாதிரி மடிக்கலாம். சக்கரத்தின் உள்பள்ளத்தில் ஒட்டியிருந்த தடித்த நாடாவை உரித்துவிட்டு மெல்லியதைப் போட்டதும், டயரின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்கி இன்னும் தளர்ந்து கொடுத்தது. இது பஞ்சர் ஆகும்மா என்று அவர் எச்சரித்தார். ஆகட்டும் என்று அவள் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த டயர்களை மாட்டிய மறுநாள்தான் நான் முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை.

மாத்திரை போட்டுக்கிறதா என்று கேட்டுவிட்டு மாமா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றி டிவி மேல் வைத்தார். அது மாட்டியிருந்த ஆணியை அசைத்து அசைத்துப் பிடுங்கினார். சைக்கிளிடம் வந்து, முன் சக்கரத்தைத் தாண்டி, சங்கிலியும் பல்சக்கரமும் உள்ள பின் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆணியை டயரில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"இப்ப செங்கம் தாண்டிட்ட," என்றார். "நான் போன எடுக்க மாட்டேன்."

அக்கா பூசைக்குக் கட்டியிருந்த சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செய்தித்தாள் மேல் உட்கார்ந்தாள். ஆணியைப் பிடுங்கி அவரிடமே நீட்டினாள். சங்கிலியைச் சின்னப் பல்லுக்குத் தள்ளி, சக்கரத்தைக் கழற்றி மடியில் போட்டாள். டயரின் விளிம்பைச் சுற்றிலும் அமுக்கிப் பள்ளத்தில் இறக்கினாள். ஒரு பக்கம் கழன்று வந்தது. டியூபை உருவி, டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்து, மாற்று டியூபை வைத்தாள். இதுவரை அவசரமே இல்லை. மாட்டும்போது கடைசி ஒரு சாண் நீளம் ஏற மறுத்தது. ஒரு தடவை முயன்றாள், விரலை உதறிக்கொண்டாள், மறுபடி முயன்றாள். அவள் முகம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான் என்னை அறியாமல் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன்.

"மச்சான், நீ பெங்களூர்ல இருக்க," என்றார் மாமா. உட்கார்ந்தேன்.

அவள் சக்கரத்தைத் திருப்பினாள். எதிர்ப்பக்கம் மேலே ஏறி நின்ற விளிம்பைத் திரும்பவும் பள்ளத்துக்குள் அமுக்கி, இரண்டு கைகளாலும் அந்தத் தளர்வைச் சுற்றித் தள்ளிக்கொண்டே வந்தாள். பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அடியால், சப்பாத்தி மாவை அழுத்துகிற மாதிரி ஒரு அழுத்து. உள்ளே போய்விட்டது. அப்புறம் அந்தச் சின்னப் பம்பால் காற்றடித்தாள். அதற்குத்தான் அதிக நேரம் ஆனது. டிவி மேல் இருந்த காலண்டர் சரிந்து விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. சக்கரத்தை மாட்டி, சங்கிலியை ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையைச் செய்தித்தாளில் துடைத்தாள்.

மாமா குனிந்து, சுற்றுகிற சக்கரத்தை நிறுத்தி, பின் டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கவில்லை. சுவரிடம் போய், ஆணியைப் பழைய ஓட்டையிலேயே செருகி, டம்ளரின் அடியால் இரண்டு தட்டுத் தட்டினார். கீழே கிடந்த காலண்டரை எடுத்து மாட்டினார். ஆகஸ்ட் முடிய இன்னும் நாள் இருந்தது. செப்டம்பர் தெரியும்படி அந்தத் தாளைத் தூக்கிப் பின்பக்கம் மடித்துவிட்டார்.