சிர்பா காயவிடாமல் வந்த குழி

என் மனைவி சிர்பாவுக்குப் பாறையில் விரிசல் பார்க்கிற வேலை. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைச் செம்புப் பெட்டியில் அடைத்து, எங்கள் தீவுக்கு அடியில் நானூறு மீட்டர் ஆழத்தில் குழி போட்டு, சுற்றிலும் களிமண் திணித்துப் புதைக்கிறார்கள். லட்சம் வருஷம் அது அங்கேயே கிடக்க வேண்டும். குழியைச் சுற்றிவர விரிசல் ஓடினால் தண்ணீர் வரும், செம்பை அரிக்கும். அந்தக் குழி வேண்டாமென்று சொல்ல வேண்டியவள் இவள். முப்பத்தோரு வருஷத்தில் விரிசல் என்று இவள் வரைபடத்தில் போட்ட கோட்டை யாரும் திருத்தியதில்லை. அந்தப் பெருமையை அவள் வெளியே சொல்ல மாட்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது, பக்கத்து ஊரான ராவ்மாவின் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவேன்.

குழியின் சுவரைக் கழுவி ஈரத்தில் ஒருமுறை பார்ப்பாள். பிறகு காயவிட்டு மறுபடி இறங்குவாள். சுவரெல்லாம் வெளுத்த பின்னும் ஒரு கோடு மட்டும் கறுத்து நின்றால், தண்ணீர் வருகிற விரிசல் அதுதான்.

அவள் ஓய்வுபெற மூன்று நாள் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுச் சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் அறையில், சூட்டுக் கல்லின் மேல் தண்ணீர்கூட ஊற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, கல்லையே முறைச்சுப் பாக்குற?"

"போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ எல்லாக் குழியையும் பாக்கலாம்னு இன்னிக்கு இறங்கினேன். பதினேழாம் குழியில ஒரு கோடு ஓடுது, ரெய்யோ. சுத்திவர. நான் சரின்னு கையெழுத்துப் போட்ட குழி. அடுத்த மாசம் பெட்டி இறக்கப் போறாங்க."

"வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

நான் ஒரு மடையன். "அப்ப விடு! வெள்ளிக்கிழமையோட வீட்டுக்கு வந்துடப் போற. லட்சம் வருஷம் கழிச்சு எவன் வந்து உன்னக் கேக்கப் போறான்?"

"அவனால கேக்க முடியாது, கிழவா. அதான் நானே சொல்லியாகணும்." சொல்லிவிட்டு அழுதாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது இரண்டே தடவை.

மறுநாளே போய்ச் சொல்லிவிட்டாள். குழியை ஒதுக்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் அலுவலகத்தில் வழியனுப்பும் காப்பி விருந்து. ஏலக்காய் பன்னும் கையுமாக நின்ற என்னை அவள் மேலதிகாரி ஓஸ்கரி ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்பு ஏன் நடந்துச்சுன்னு எழுதணும் சார். 'ரெண்டாவது தடவ பாக்கல, தப்பு என்னோடது'ன்னு மட்டும் எழுதியிருக்காங்க. அந்தக் குழியக் கழுவின செப்டம்பர் பதினாறாம் தேதி என்ன ஆச்சு, உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குத்தான் விலாங்கு மாதிரி நீண்ட லாம்ப்ரே மீனைச் சுட்டு ஒரு தட்டு தின்றுவிட்டு, "நெஞ்சு வலிக்குது, உடனே வா" என்று போன் போட்டேன். சுவர் காய்வதற்குள் மேலே ஏறி ஓடி வந்தாள். சேறு பிடித்த பூட்ஸோடு ஆஸ்பத்திரியில் விடிய விடிய என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெறும் வாயு என்றார் டாக்டர். தூங்காத கண்ணோடு வேலைக்குப் போனவள், இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டோம் என்ற நினைப்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னேன், "அந்தத் தப்புக்குக் காரணம் என் வயிறு!"

"உக்காரு கிழவா, மானத்த வாங்காத!" என்றாள் சிர்பா. முகம் சிவந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஓஸ்கரி குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது காரில் கேட்டேன், "நான் கூப்பிட்டதை ஏன்டி எழுதல?"

"நீ கூப்பிட்ட, நான் வந்தேன். அதுல தப்பு எங்க இருக்கு? மறுநாள் இறங்கிப் பாக்காததுதான் தப்பு. அத எழுதியாச்சு."

பாழாய்ப்போன மீன் என்று திட்டினேன்.

"நாளைக்கு நீ கூப்பிட்டாலும் வருவேன்" என்றாள்.