அம்மாவின் செர்பியனும் என் ஸ்வாஹிலியும்

எங்கள் மலைக்கு ஸ்வாஹிலியும் செர்பியனும் ஒரே நாளில், ஒரே ஜீப்பில் வந்து இறங்கின. ஓட்டி வந்தவர் என் தாய்மாமா. புதூர்நாட்டிலிருந்து ஆட்களையும் பலாப்பழங்களையும் ஏற்றிக்கொண்டு கீழே போகிறவர், அன்று ஆலங்காயத்திலிருந்து திரும்பும்போது சட்டைப்பைக்குள் இரண்டு தாள்களை மடித்து வைத்திருந்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒருவர் கொடுத்தவை. எனக்கு அப்போது பத்து வயது. அந்தத் தாள்களை விரித்த நிமிடத்திலிருந்து அடுத்த ஏழு நாள் நான் தரையில் நின்றதாக நினைவில்லை.

அப்பா போர் வண்டியில் வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுப்பது தொழில். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பார். துளை போடத் தெரிந்த ஆள் இரண்டு நாட்டில் வேண்டும் என்று மாமா சொன்னார். தான்சானியாவில் தண்ணீருக்காக, செர்பியாவில் பாலத்துக்குத் தூண் இறக்க.

"எந்த நாடுன்னு முடிவு பண்ணிட்டு, அந்த ஊரு பாஷையில நூறு வார்த்த படிச்சிக்கணும். போன்ல கேள்வி கேப்பாங்களாம். பதில் சொன்னாத்தான் வேல," என்றார் மாமா.

தாள் ஒவ்வொன்றிலும் நூறு சொற்கள், பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. நான் தான்சானியாத் தாளைப் பிடுங்கிக்கொண்டேன். முதல் வரி 'மாஜி – தண்ணீர்'. மாஜி எம்.எல்.ஏ. வந்துவிட்டார் என்று மாமா சிரித்தார். மாஜி, சாய், நியும்பா, கேஷோ என்று எல்லாச் சொற்களும் வாயைத் திறந்து வைத்தபடியே முடிந்தன. எந்த இடத்திலும் நாக்கு இடறவில்லை.

அம்மா மற்ற தாளை எடுத்துக்கொண்டாள். மெதுவாகப் படித்து முடித்து, "செர்பியாவே போலாம்ங்க. குளிரு ஊராம். மலைக்காரங்களுக்கு ஒத்துக்கும்," என்றாள்.

அம்மா பன்னிரண்டாவது வரை படித்தவள். சுற்றுப்பக்கக் குடியிருப்புகளில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அவள் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அன்று நான் மறுத்துப் பேசினேன். செர்பியன் பல்லை உடைக்கும் என்றேன். அம்மா விடவில்லை. செர்பியனில் வீடு என்றால் 'கூச்சா'. வீட்டை என்றால் 'கூச்சு', வீட்டுக்கு என்றால் 'கூச்சி'. நம் தமிழ் மாதிரியே வாலில்தான் மாறுகிறது. ஸ்வாஹிலியில் ஒரு பிள்ளை 'ம்டோட்டோ', பல பிள்ளைகள் 'வாடோட்டோ'. தலையே மாறிவிடுகிறது. தலை மாறினால் ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். நான் அழும் நிலைக்கு வந்துவிட்டேன்.

மாமாதான் பஞ்சாயத்து செய்தார். ஏழு நாள். காலையில் அம்மா செர்பியன் சொல்லிக்கொடுக்க வேண்டும், சாயங்காலம் நான் ஸ்வாஹிலி. எட்டாம் நாள் அவர் பரீட்சை வைப்பார். எந்தப் பாஷை அதிகம் வாயில் நிற்கிறதோ அந்த நாடு.

"எனக்கு எந்த ஊரானாலும் சரி," என்றார் அப்பா. அவர் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை இருந்தது.

அது புளிக் காலம். வாசல் முழுக்கப் புளி காய்ந்துகொண்டிருக்கும். சாயங்காலமானால் நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஓடு நீக்கி, தடியால் தட்டிக் கொட்டை எடுப்போம். தட்டுக்கு ஒரு எண் என்று அப்பாவுக்கு நான் பாடம் வைத்தேன். மோஜா, ம்பிலி, டாட்டு, ன்னே, டானோ. தடி இறங்கும் இடத்தில் எண்ணும் தானாக வந்து விழுந்தது. எட்டுக்கு அவர்கள் சொல் 'நானே'. அந்த இடம் வந்தால் அப்பா மார்பைத் தட்டி, மலைக்கே கேட்கும்படி "நானே" என்பார். எதிரே கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும் அம்மா தலையைக் குனிந்தபடி சிரிப்பாள். மூன்றாம் நாள் எண்கள் முடிந்து, தோண்டு, நிறுத்து, மேலே, கீழே எல்லாம் வந்துவிட்டன. அப்படி ஒரு மாணவன் எந்த வாத்தியாருக்கும் கிடைத்திருக்க மாட்டான்.

அம்மாவின் வகுப்பை நான் ஒட்டுக்கேட்டேன். கேட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவு மோசமான வகுப்பு அது. அவளுடைய தாளிலும் முன்பக்கத்தில் சுலபமான சொற்கள்தான் இருந்தன. தண்ணீருக்கு வோதா, டீக்குச் சாய், இரண்டுக்கு த்வா. அம்மா அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் பின்பக்கத்தில் ஆரம்பித்தாள். 'வேலையிடத்தில் காயம் பட்டால்' என்ற தலைப்பு. ரத்தத்துக்கு 'க்ர்வ்', விரலுக்கு 'ப்ர்ஸ்ட்'. ஊன்றிக்கொள்ள ஓர் உயிரெழுத்து இல்லாத சொற்கள். அப்பா 'கிருவு' என்பார், 'பிருசுட்டு' என்பார். அம்மா திருத்துவாள், அவர் மறுபடி சறுக்குவார். ஏழு நாளும் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. ஊருக்கே மனு எழுதுகிறவளுக்கு இவ்வளவுதானா பாடம் நடத்தத் தெரியும் என்று எனக்கு ஏளனம். இதில் அம்மா அந்த வாரம் முழுக்க உற்சாகமாக வேறு இருந்தாள். அப்பாவின் நாக்கு புரளாதபோதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் அப்பா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு கண்டுபிடிப்புச் செய்தார்.

"டீய ரெண்டு பேரும் சாய்ங்கிறான். சோப்புக்கு ஒருத்தன் சபூனி, ஒருத்தன் சபூன். மெல்லமாங்கிறதுக்கு அவன் போலேபோலே, இவன் போலாகோ. அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு பாஷ வெச்சிக்கினு கெடக்கறானுங்க?"

"ரெண்டு பேருக்கும் அவங்க அவங்க வூடு இருக்குது இல்ல," என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கதை உண்டு. நான் பிறந்த வருடம் அப்பாவுக்கு துபாயில் வேலை வந்ததாம். அம்மா "போவாதீங்க" என்றாளாம். அப்பா நின்றுவிட்டார். அதற்குப் பிறகு குழம்பில் உப்பு கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, சண்டை எங்கே ஆரம்பித்தாலும் துபாயில் போய்த்தான் முடியும். "அன்னிக்கி நீ தடுக்கலன்னா" என்று அப்பா ஆரம்பிப்பார். ஒருமுறை அம்மா, "இனிமே ஒங்கள எதுக்கும் தடுக்கமாட்டேன், தாயே மாரியாத்தா மேல சத்தியம்," என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அதன் பிறகு அவள் 'போவாதீங்க' என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை.

எட்டாம் நாள் காலை எல்லோரும் டவர் பாறைக்கு ஏறினோம். எங்கள் பக்கத்தில் போனில் நான்கு கோடும் தெரியும் ஒரே இடம் அது. மாமா முதலில் செர்பியன் கேட்டார். அப்பா சாய் என்றார், போலாகோ என்றார், காயப் பக்கத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்து ஸ்வாஹிலி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத தடியால் தொடையில் தட்டித் தட்டிச் சொன்னார். மூன்றே மூன்று சொல்தான் தவறியது.

மாமா சூட்டோடு சூடாகப் போன் போட்டார். தான்சானியாவில் ஏற்கெனவே வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவர், நம் பக்கத்து ஆள், ஸ்பீக்கரில் வந்தார். நாலைந்து சொல் கேட்டார். கடைசியாக, "மாஜி யாக்கோ வாப்பி?" என்றார். தண்ணி எங்கே?

அப்பா யோசிக்கவே இல்லை. "ச்சினி," என்றார். கீழே.

"எல்லா ஊர்லயும் கீழதாம்பா," என்று மேஸ்திரி சிரித்தார். "வா, வந்து சேரு."

நான் பாறையில் குதித்த குதியில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார், உருண்டுவிடுவேன் என்று. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்தார். அம்மாவை ஜெயித்த முதல் ஆள் நான். அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். எல்லாம் என்னுடையது போல இருந்தது.

அம்மா தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய், "தோத்துட்டியா?" என்று கேட்டேன்.

"தோத்துட்டேன். நீ நல்லா சொல்லிக் குடுத்த கண்ணு. நான்தான் சரியா சொல்லிக் குடுக்கல," என்றாள். இந்தப் பாராட்டை நான் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் சொல்லித் திரிந்தேன்.

இறங்கும்போது அம்மா எல்லோருக்கும் முன்னால் போனாள். கல்லில் கால் வைக்க வைக்க எதையோ முணுமுணுத்தாள். நெருங்கிப் போய்க் கேட்டேன். மோஜா, ம்பிலி, டாட்டு, ன்னே. பத்து வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகில்லை. பத்து முடிந்ததும் தோண்டு, நிறுத்து, மேலே, கீழே. எதிரே உட்கார்ந்து கொட்டை எடுத்தபடியே நூறையும் படித்து முடித்திருந்தாள். "அம்மாவுக்கும் நம்ம பாஷ வந்துடுச்சிப்பா," என்று நான் பின்னால் திரும்பிக் கத்தினேன்.

அடுத்த மாதம் அப்பா போனார். திரும்பி வர மூன்று வருடம் ஆயிற்று. வந்தபோது நான் அவர் தோள் உயரம் இருந்தேன், அவரோடு பேசக் கூச்சமாக இருந்தது. துபாய்ப் பேச்சு மட்டும் எங்கள் வீட்டில் அதோடு நின்றது.

சத்தியம் செய்துவிட்டதால் அம்மாவால் சொல்ல முடியாமல் போன வார்த்தை ஒன்று இருந்தது. அதை ஏழு நாள் காலையும் அவள் செர்பியனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தடியைத் தட்டித் தட்டி, அப்பாவை அனுப்பிவைத்துக்கொண்டிருந்தேன்.