கிரிக்கெட் ஆடாத ஆஸ்திரேலியாக்காரன்

ஆஸ்திரேலியாவில் பிறந்தவன் பந்து வீசுவான், இல்லாவிட்டால் மட்டை பிடிப்பான், நடிக்க அவனுக்கு நேரம் ஏது? இப்படித்தான் நான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் சேலத்தில் ஒரு சலூனில், பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். டி.வி.யில் ஒரு அமெரிக்கப் போலீஸ்காரன் தமிழ் டப்பிங்கில் எவனையோ துவைத்துக்கொண்டிருந்தான்.

"இவரு ஆஸ்திரேலியாக்காரருங்க" என்றார் கத்தியோடு நின்றவர்.

இவனுமா! சின்ன வயசில் அமெரிக்காக்காரன் என்று நம்பி நான் விசிலடித்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஒவ்வொருவராகக் கட்சி மாறுகிறார்கள். எரிச்சலில் தலையை ஆட்டிவிட்டேன். கன்னத்தில் ஒரு கீறல்தான் மிச்சம்.

அதன்மேல் தடவிய லோஷன் வாசனை என்னை நேராக ஏற்காடு மலையில் இருக்கும் கொட்டச்சேட்டில் கொண்டுபோய் இறக்கியது. டேனி என்று ஒருவன் அங்கே இதே மாதிரி மணத்துக்கொண்டுதான் வந்தான். அப்போது அந்த ஊர்க் காபி எஸ்டேட் ஒன்றில் நான் ரைட்டர். ஆள் கணக்கு எழுதுகிற உத்தியோகம், கதை கிதை ஒன்றும் இல்லை. எஸ்டேட் பங்களாவை முதலாளி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். பழம் பறிக்கும் பருவத்தில் இவன் வந்து இறங்கினான். ஒல்லி. ஆஸ்திரேலியாவாம், நடிகனாம்.

அந்த ஊர் இங்கிலீஷ் எனக்குத் தெரியாதா? விடிகாலையில் எழுந்து அங்கிருந்து வரும் கிரிக்கெட் வர்ணனை கேட்டே வளர்ந்த காது இது. இவன் பேசியதோ அசல் அமெரிக்கா. ஆள் டூப்பு என்று மேஸ்திரி மாதம்மாளிடம் சொன்னேன்.

"ஏனுங்க ரைட்டரே, தொரை யாரா இருந்தா நமக்கென்னுங்க? உங்களுக்கு நொம்ப கற்பனைங்க" என்றுவிட்டுப் பறிப்பு பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கென்ன, பங்களாவில் ஏதாவது ஆனால் என் வேலையல்லவா போகும்!

ஒருநாள் மத்தியானம் பங்களாவில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கப் போனேன். சாத்திய கதவுக்குள் இரண்டு குரல்கள். ஒன்று டேனியின் அமெரிக்கக் குரல், சுட்டுவிடுவேன் என்றது. இன்னொன்று கிரிக்கெட் வர்ணனைக் குரல், அசல் ஆஸ்திரேலியா. தம்பி, வேண்டாம் என்று கெஞ்சியது. அப்புறம் அழுகை. அப்புறம் ஏதோ தொப்பென்று விழுந்தது.

நீங்களாக இருந்தால் கதவை உடைத்திருப்பீர்கள். நான் எதிர்த் திசையில் ஓடினேன். காபி காயப்போடும் களத்தில் ஒரு தகர டின் தொங்கும். எடுத்து அடித்தேன் பாருங்கள் ஓர் அடி! எங்கள் மலையில் தகரம் தட்டினால் ஒரே அர்த்தம்தான், காட்டெருமை இறங்கிவிட்டது. சுற்றியிருந்த காடெல்லாம் பதிலுக்குத் தட்ட ஆரம்பித்தது. பறிப்பு ஆட்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். எவரோ வெடியைக் கொளுத்தி எறிந்தார்.

"எருமை எங்கீங்க?" மாதம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"எருமை இல்ல மாதம்மா, கொலை!"

"கொலைக்கு எதுக்குங்க தகரம் தட்டுனீங்க? அங்க பாதி சனம் மரத்து மேல உக்காந்திருக்குது!"

கதவு திறந்தது. டேனி மட்டும் நின்றான், முகமெல்லாம் கண்ணீர். பின்னால் மேஜையில் அவனையே பார்த்தபடி செல்போன். கீழே ஒரு நாற்காலி சாய்ந்து கிடந்தது.

ஓர் அமெரிக்கப் படத்துக்கு நடிப்புத் தேர்வாம். தன்னைத் தானே படம் பிடித்துச் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். தம்பியாக நடிப்பவனும் அண்ணன் வசனத்தைச் சொந்தக் குரலில் படிப்பவனும் அவனேதான். நாக்கு பழக வேண்டுமென்று வந்த நாளிலிருந்து எங்களிடமும் அமெரிக்காவாகவே பேசியிருக்கிறான். உன் ஊரிலேயே நடித்தால் என்ன என்று கேட்டேன். வெளியே போய்ப் பேர் வாங்கினவனைத்தான் ஊர் திரும்பிப் பார்க்கிறது என்றான், இப்போது சொந்தக் குரலில். இதுவும் கிடைக்காவிட்டால் நடிப்பையே விட்டுவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். சத்தமில்லாத இடமாகப் பார்த்துத்தான் ஏற்காட்டுக்கு வந்தானாம். அவனுக்குச் சரியாக அழுகை வந்த ஒரே டேக்கில் நான் தகரம் அடித்திருக்கிறேன்.

மறுபடி எடுத்தோம். அண்ணன் வசனத்தை நானே வாசித்தேன், வேறு வழி? தடியும் தகரமுமாக ஊரே வராந்தாவில் நின்றது. டேனி அழுதான். இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடப் புரியாத மாதம்மாள், நான் முன்னால் சொல்லிவைத்த கதையை நினைத்து முந்தானையில் கண்ணைத் துடைத்தாள்.

"கூடப் பொறந்தவன் மேல இத்தன ஆசை வெச்சுக்கிட்டு எதுக்குங்க இந்தச் சாமி சுடப் போகுது?" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் மெதுவாப் படிச்சிருக்கலாமுங்க" என்றாள்.

களத்து மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று அனுப்பினான். போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்தப் பங்களா இப்போது நீச்சல்குளம் வைத்த ரிசார்ட். களம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. காட்டெருமைக்கு மின்வேலி போட்டுவிட்டார்கள், தகரம் தட்ட ஆளில்லை. டேனி ஊருக்குப் போனபிறகு ஒரு தகவல் அனுப்பினான். அந்த வேஷத்தை இன்னொரு ஆஸ்திரேலியாக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவன் நடிப்பை விட்டுவிட்டான்.