கண்ணைக் கட்டியபோது தெரிந்தது

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கடுகு. ஆள் குள்ளம், பொரிந்தால் அடுத்த அறை வரை கேட்கும். அந்த அடுத்த அறையில் முதல் வகுப்பு எடுப்பவள் நான். பதினெட்டு வருடமாக அவள் கோபத்தைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாதி வீண் கோபம். அன்றைக்கு வந்தது அப்படியல்ல.

ஐம்புலன் பாடம். 'காதால் கேட்கிறோம்' என்று எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் எழுதிவிட்டார்கள். கடுகுக்கு அது போதவில்லை. ஒவ்வொருவர் கண்ணையும் கைக்குட்டையால் கட்டி, பின்னால் நின்று டம்ளரில் கரண்டியால் தட்டினாள். சத்தம் வரும் பக்கம் கை நீட்ட வேண்டும். எல்லோரும் நீட்டினார்கள். பொம்மை என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்யும் கடைசி பெஞ்சுச் சிறுமி மட்டும் நீட்டவில்லை. காதோரம் தட்டியும் அசையவில்லை.

கடுகு ஒரு கையில் டம்ளரும் மறு கையில் அந்தச் சிறுமியுமாக நேராக என் வகுப்புக்கு வந்தாள்.

"போன வருஷம் இவ உன் கிளாஸ்தானே? ரிப்போர்ட்ல என்ன எழுதின?"

"கவனம் போதாதுன்னு எழுதினேன்."

"வருஷம் முழுக்க உன் வாயவே பாத்துப் பாத்துப் படிச்சிருக்கா. அவளத் தூக்கிக் கடைசி பெஞ்சுல போட்டிருக்க. நானும் அங்கேயே விட்டிருக்கேன். நம்மள எதால அடிக்கிறது?"

கவனிக்காத பிள்ளைகளைக் கடைசியில் உட்கார வைப்பது எங்கள் பள்ளி வழக்கம். என்ன ஒரு மூளை எங்களுக்கு.

அந்தப் பிள்ளையை மறுபடி முதல் வகுப்புக்கே இறக்குவதாக முடிவாகியிருந்தது. கையெழுத்துப் போட அன்று மதியம் அவள் அப்பா வந்தார். லாரி ஓட்டுபவர். கடுகு பிள்ளையையும் என்னையும் இழுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தாள்.

"இவளுக்குக் காது கேக்கல மேடம். டாக்டர்கிட்ட காட்டணும். கீழ் வகுப்புக்கு அனுப்புறது அநியாயம்."

"லிஸ்ட் முடிச்சாச்சும்மா. இப்ப வந்து புதுசா ஒண்ணு சொல்லாதீங்க."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் அப்பா. "முன்னால நின்னு கேட்டா டக்குனு பதில் சொல்லுவா. பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டா. திமிரு டீச்சர். ரெண்டு போட்டாத்தான் அடங்குவா."

கடுகின் முகம் சிவந்தது. பிள்ளையைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்து, கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தாள்.

"கூப்பிடுங்க. நீங்களே கூப்பிடுங்க."

கூப்பிட்டார். பிள்ளை படம் வரைந்துகொண்டிருந்தது. குரலை உயர்த்தினார். பிறகு ஜன்னல் அதிரக் கத்தினார். வெளியே போன பியூன் எட்டிப் பார்த்தார். பென்சில் நிற்கவேயில்லை.

தலைமையாசிரியை பேனாவைத் திறந்து பட்டியலில் ஒரு வரியை அடித்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேலும் ஆத்திரம், என்மேல் அதைவிட ஆத்திரம்.

அப்பா மெதுவாக நடந்து பிள்ளைக்கு முன்னால் போய் மண்டியிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும், தன்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பென்சிலைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொண்டாள்.