லோத்தாருக்குத் தாகம்

ஒரு கையில் வெண்ணெய் தடவிய ரொட்டி, மறு கையில் டார்ச். கெர்லிண்ட தன் பச்சோந்தி லோத்தாரின் எச்சத்தைப் பரிசோதித்துக்கொண்டே காலை உணவைச் சாப்பிடுகிறாள். "வெள்ளையா இருக்கு. துரை நல்லாத் தண்ணி குடிச்சிருக்காரு!" என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து நிற்கும் எனக்கு அறிவித்துவிட்டு ரொட்டியைக் கடிக்கிறாள். மஞ்சளாக இருந்தால் அன்று யாரோடும் பேசமாட்டாள். ஆரஞ்சாக இருந்தால் அவள் எதிரிலேயே போகக்கூடாது.

ஜெர்மனியின் பிரேமன் நகரில் டிராம் ஓட்டுகிறவள். சாயமடித்த சிவப்புத் தலை, லாரிக்காரன் வாய். மூச்சிரைக்க ஓடிவருகிற பயணிக்காக நிற்கவே மாட்டாள். லோத்தாருக்காக மட்டும் இலைகளில் தண்ணீர் தெளித்து, அது வழிந்து சொட்டுகிறவரை காத்திருப்பாள். கிண்ணத்தில் அசையாமல் கிடப்பது அவனுக்குத் தண்ணீரே இல்லை. "என் பழைய புருஷன் மாதிரிதான். முன்னால வச்சாலும் தெரியாது, வாய்கிட்ட சொட்டணும்."

ஜனவரியில் அவள் முழங்கால் அறுவைக்குப் போனபோது, சாவி கீழ்வீட்டு எக்கார்ட்டிடம் இருந்தது. மகா ஒழுங்கு மனிதர். ஈரம் கண்டால் பூஞ்சை, பூஞ்சை கண்டால் வீட்டுக்காரர் என்று நடுங்குகிற ஜாதி. இந்தக் கட்டடத்தில் நாங்கள் எல்லோரும் அதே ஜாதிதான். குளிரில் விறைத்தாலும் காலை மாலை ஜன்னலைத் திறந்து வீட்டை உலர்த்துவோம். மனிதர் அதையும் செய்தார். சொன்னபடி இலைகளில் தண்ணீரும் தெளித்தார். தெளித்த கையோடு ஒவ்வோர் இலையையும் துணியால் துடைத்தும் வைத்தார்.

ஊன்றுகோலோடு திரும்பியவள் டார்ச்சை அடித்தாள். ஆரஞ்சு. லோத்தாரின் கண்கள் குழிவிழுந்து, பட்டப்பகலில் மூடிக் கிடந்தன.

"யோவ், இலையத் துடைச்சீங்களா?"

"ஈரமா இருந்துச்சேம்மா! அதான் கிண்ணம் நிறையத் தண்ணி வச்சேனே!"

"அந்தக் கிண்ணத்துல நீங்க போய் விழுங்க!"

கால்நடை மருத்துவர் போனில் சொன்னது இதுதான்: வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுங்கள், குடிக்காவிட்டால் உடனே தூக்கி வாருங்கள், பிழைப்பான் என்று சொல்லமுடியாது. எக்கார்ட் வாசலிலேயே முகம் வெளுத்து நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

கெர்லிண்ட சொட்டினாள். துளி இலையில் உருண்டு விழுந்தது. மறுபடி சொட்டினாள். லோத்தார் அசையவில்லை. "குடிடா சோம்பேறி. குடிடா நாயே. குடிடா என் கண்ணு..." பிறகு குனிந்து, அவன் மூக்கருகே இருந்த இலையின் துளியைத் தானே நாக்கை நீட்டி நக்கிக் காட்டினாள்.

ஒரு கண் மெல்லத் திறந்து அவள் பக்கம் உருண்டது. வாய் பிளந்தது. அடுத்த துளி உள்ளே போனது. நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க மறந்து, கெர்லிண்ட குனிந்தபடியே நின்றாள்.