மலைக்குப் போகாத செய்தி

என் தோழி மலர்க்கொடிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆய்வு இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவளிடம் சேர்க்கச் சொன்ன ஒரு செய்தியைச் சேர்க்காமல் விட்டு எடுத்துக்கொண்டேன். மறந்துபோகவில்லை. தெரிந்தே செய்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட இல்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் மலரைப் பார்த்ததில்லை என்பதால்தானோ என்னவோ...

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் சிறிய பல்கலைக்கழகம் எங்களுடையது. கணிதத்தில் முதுகலை படிக்க வந்தவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவோம். நான் சின்னசேலம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போடும் குடும்பம். மலர் கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தாள்.

அவள் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. இதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. ஆசிரியர் கரும்பலகை முழுக்க எழுதி நிரூபித்ததை, மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் நான்கே வரியில் எனக்குப் புரியவைப்பாள். புளிச்சோற்றுக் கையோடு காற்றில் கோடு கிழித்துக் காட்டுவாள். அவள் இல்லையென்றால் முதல் பருவத்திலேயே நான் படிப்பை விட்டிருப்பேன்.

எனக்குப் பொறாமை இருந்ததா? அப்போது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். சத்தியமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்!

படிப்பு முடிந்த கோடையில், துறைத் தலைவர் இளங்கோ சாரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம் காலியானது. எங்கள் வகுப்பிலிருந்து நேர்காணலுக்குத் தேர்வானவர்கள் நானும் மலரும் மட்டுமே. வியாழக்கிழமை நேர்காணல் என்று சொல்லியிருந்தார்கள். மலர் ஊருக்குப் போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போன என்னை இளங்கோ சார் கூப்பிட்டார். வெளியூரிலிருந்து வரவேண்டிய நிபுணருக்கு வேறு வேலை வந்துவிட்டதாம். நேர்காணலை மறுநாள் காலைக்கே மாற்றிவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து மலருக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், கிடைக்கவில்லை. “நீதான அவ கூட்டாளி. எப்படியாவது சொல்லிடும்மா” என்றார். சரிங்க சார் என்றேன்.

அவள் ஊரில் சிக்னல் கிடையாது. மேட்டில் ஏறி நின்றால்தான் பேசலாம். ஆனால் செய்தி சொல்ல வேறு வழி இருந்தது, அது எனக்குத் தெரியும். சாயங்காலம் மலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் சொன்னால் போதும். மருந்து மாத்திரையிலிருந்து சாவுச் செய்தி வரைக்கும் அவர் வழியாகத்தான் மேலே போகும். காலையில் அதே பஸ்ஸில் ஏறினால் அவள் நேரத்துக்கு வந்துவிடலாம்.

பேருந்து நிலையத்துக்கு நேராகத்தான் போனேன். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். நம்புவீர்களா?

மலை பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மலரை ஏற்றிவிட அடிக்கடி வந்திருப்பதால் என்னை அடையாளம் தெரியும்.

“இன்னா பாப்பா, மலருக்கு எதுனா சொல்லணுமா?”

“ஒண்ணும் இல்லண்ணே. சும்மாதான் வந்தேன்.”

அவ்வளவுதான். அவர் டம்ளரைக் கடையில் கொடுத்துவிட்டு விசில் ஊதினார். பஸ் திரும்பி, கச்சிராயபாளையம் சாலையில் போய் மறைந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். இதைச் சொன்னால் நீங்கள் என்மேல் கொஞ்சம் இரக்கப்படலாம். வேண்டாம்... அது உண்மைதான், ஆனால் அந்தப் படியருகே நின்றபோது கல்யாணம் என் நினைவிலேயே இல்லை. ஒரே ஒருமுறை, அவள் இல்லாத இடத்தில், நான் முதலாவதாக இருந்து பார்க்க வேண்டும். அதுதான் இருந்தது.

மறுநாள் நேர்காணலில் கேட்ட கடினமான கேள்விக்கு, மலர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழியிலேயே பதில் எழுதினேன். வந்திருந்த நிபுணர் மிகவும் பாராட்டினார். இடம் எனக்கு.

வியாழக்கிழமை மலர் வந்தாள். மழையில் நனைந்து, செருப்பில் செம்மண்ணோடு வந்தாள். அலுவலகத்தில் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைத் தேடிக்கொண்டு நூலகத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் முந்திக்கொண்டேன். எத்தனையோ தடவை போன் போட்டேன்டி, போகவே இல்லை என்றேன்.

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“உனக்குத்தான கெடச்சிக்கிது, வுடு. வேற எவளுக்காச்சும் போயிருந்தா வயிறு எரிஞ்சிருக்கும்.”

அப்புறம் என்ன கேள்வி கேட்டார்கள் என்று ஆவலாக விசாரித்தாள். சொன்னேன். அதற்கு இன்னும் சுருக்கமான வழி ஒன்று இருக்கிறதென்று மேசைமேல் விரலால் எழுதிக் காட்டினாள்!

அடுத்த வருடம் இன்னோர் இடம் வரும் என்று இளங்கோ சார் சொன்னார். வரவில்லை. மலர் பி.எட். முடித்து, மலையிலேயே ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள்.

நான்? முனைவர் பட்டம் வாங்கினேன். அதே துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எனக்குப் பிடித்தவரையே, எனக்குத் தோன்றிய காலத்தில் மணந்துகொண்டேன். ஒரு மகள். காலையில் வகுப்புக்குள் நுழையும்போது இன்றைக்கும் மனம் துள்ளுகிறது. குற்றம் செய்தவள் உருகி அழிந்திருப்பாள் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். மகிழ்ச்சியாகவே இருக்கிறேன். அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

போன தை மாதம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து மலை ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை. பள்ளி வளாகத்தில் விடுதிப் பிள்ளைகள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மலர் கொஞ்சம் சதைபோட்டிருந்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, இவங்க என்கூடப் படிச்சவங்க, இப்ப பெரிய புரொபசர் என்று பெருமையாக அறிமுகப்படுத்தினாள். அவள் வீட்டுக்காரர் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சமைத்திருந்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் ஆரம்பித்தேன். அந்த இன்டர்வியூ அன்னைக்கு, என்றேன். அவள் கையசைத்துத் தடுத்துவிட்டாள்.

“அத இன்னும் நெனச்சிக்கினு இருக்கியா? போன் போவல, அதுக்கு நீ இன்னா பண்ணுவ. இங்க வா, உன்கிட்ட ஒண்ணு காட்டணும்.”

காலியான வகுப்பறைக்கு அழைத்துப் போனாள். பிள்ளைகள் மண்ணில் கட்டம் போட்டு விளையாடுவதைப் பார்த்து அவளுக்கு ஒரு கேள்வி தோன்றியதாம். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, அந்த இரண்டு மூலைகளையும் இணைக்கும் கோட்டைத் தாண்டாமல், பின்னால் திரும்பாமல் எத்தனை வழிகளில் போகலாம்? சின்னக் கட்டத்தில் தொடங்கி எந்தக் கட்டத்துக்கும் பொருந்தும் ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தாள். சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் முதலிலிருந்து கடைசிவரை நிரூபித்துக் காட்டினாள். எங்கும் பிழையில்லை. கைகளைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ரெண்டு வருசமா லீவு நாள்ல ஒக்காந்து போட்டேன். இங்க இதெல்லாம் பேச ஆளு இல்ல. நீ சொல்லு, இது புதுசா?”

புதிது இல்லை. வெகுகாலத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். அந்த எண்களுக்குப் பெயர்கூட இருக்கிறது. ஆய்வுக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இளங்கோ சார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த அறையில் அவள் இருந்திருந்தால் ஒரே மதியத்தில் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கும். அதற்கு அப்பால் எவ்வளவு தூரம் போயிருப்பாளோ...

பொய் சொல்ல வாய் வரவில்லை. இது முன்பே கண்டுபிடித்ததுதான் மலர் என்றேன்.

அவள் முகம் வாடும் என்று காத்திருந்தேன். வாடவில்லை. கரும்பலகையை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“அப்ப நான் போட்டது சரிதான்” என்று சிரித்தாள்.

சொல்ல வந்ததைச் சொல்லாமலே விடைபெற்றேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லை என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன். உண்மை அதுவா? அவளுக்குத் தெரிந்தால் என்னிடம் அப்படிச் சிரிக்கமாட்டாள். எனக்கு அந்தச் சிரிப்பும் வேண்டியிருந்தது. இடத்தை எடுத்துக்கொண்டேன், அவளையும் விடாமல் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். கணவர் தோசை சுட்டுத் தந்தார். மலையில் என்ன விசேஷம் என்று கேட்டார். மலர் நன்றாக இருக்கிறாள் என்றேன்.

அன்றைக்கு நான் தூங்காமல் புரண்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் படுத்தவுடன் தூங்கிவிட்டேன்.